இடது சக்கரம்

பதினோரு கோடைகளாக
நான் பார்த்த மொன்டானா
ஆரினின் டிரெய்லர் மறைத்தது போக
இரண்டு பக்கமும் மிஞ்சிய மொன்டானாதான்.

ஏழு வண்டிகளில் கடைசி என்னுடையது.
விழுந்ததைப் பொறுக்க,
நின்றவருக்குத் துணையாய் நிற்க
பின்னால் ஒருவர் வேண்டும்.
சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் பெயர் வந்தது.
பிறகு யாரும் குலுக்கவேயில்லை.

அதனால் அந்தப் பெட்டியை
மனப்பாடமாய் அறிவேன்:
மூடியில் பாதி உரிந்த மீன் படம்,
ஒரு மூச்சு தாமதித்துக் கண்சிமிட்டும் வலது விளக்கு,
பக்கக்காற்று அடித்தால்
கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு
பின்னாலேயே வரும் கன்றுக்குட்டிக் குணம்.

கேலிக்குக் குறைவில்லை.
"குடித்தனத்தையே கட்டி இழுக்கிறான்" என்பாள் ட்வைலா.
மேட்டின் உச்சியில் காத்திருந்து
"அடுப்பங்கரை வந்துவிட்டதா?" என்று கத்துவான் லைல்.
ஆரின் சிரித்ததுமில்லை
முறைத்ததுமில்லை.
கியரைக் குறைத்து
பாரவண்டிக்காரனின் நிதானத்தில்
ஏறி வருவான்.

எதிரே வரும் முன்பின் அறியாத வண்டிகள்
இடது கையைத் தாழ்த்தி
இரண்டு விரல் காட்டிப் போகும்.
டிரெய்லரைக் கடக்கையில் மட்டும்
அந்தக் கை இன்னும் ஒரு நொடி தாழ்ந்தே இருக்கும்.
மரியாதையா, பரிதாபமா,
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

சாக்கோ தாண்டி
மால்ட்டாவுக்கு இருபது மைல் இருக்கையில்
சரக்கு ரயில் ஒன்று
எங்களை முந்துவதா வேண்டாமா என்று
யோசித்துக்கொண்டே கூட வந்தபோது
இடது சக்கரத்தில் புகை.
தூசி என்றுதான் முதலில் நினைத்தேன்.
தூசிக்கு அப்படி நாற்றம் கிடையாது.
ஹாரனை மூன்று முறை அழுத்தினேன்.

பேரிங் போயிருந்தது.
கிரீஸ் கருகி, உருளைகள்
தீய்ந்த பொரிகடலையாய்க் கையில் கொட்டின.
அச்சைத் தொட்டுப் பார்த்த ரோசலிண்ட்
கையை உதறிச் சொன்ன வார்த்தையை
இங்கே எழுத முடியாது.
மாற்று பேரிங் உண்டா என்றோம்.
"என்னுடையதற்கு இல்லை" என்றான் ஆரின்.

பக்கத்துப் பண்ணையில் பெட்டியை விட்டுப் போகலாம்,
மாடுகள் முட்டிப் பார்க்கும், அவ்வளவுதான் என்றாள்
கதவைத் திறந்துவிட்ட பெண்.
நாங்கள் சாமான்களை இறக்கினோம்.

தார்ப்பாய், கெட்டில், ஏழு மடக்கு நாற்காலி.
அவற்றுக்கும் அடியில் ஒரு தகரப் பெட்டி,
உள்ளே பொட்டலங்கள்,
ஒட்டுத்தாளில் அவன் கோணல் எழுத்து:
லைல், கிளட்ச் கேபிள்.
ட்வைலா, மூக்குக்கண்ணாடித் திருகு.
பெர்னார்டுக்கு, ஐஸ் பெட்டியில்,
அவரே ஸ்பேராய் வைத்துக்கொள்ளாத இன்சுலின்.

என் பெயர் எழுதிய பொட்டலத்தில்
ஒரே ஒரு கையுறை. இடது கை.
மூன்று வருடங்களுக்கு முன்
கட் பேங்க் மழையில் பறந்து போனது.
கடைசியில் வருபவள் தவறவிட்டதைப்
பொறுக்க ஆளில்லை என்று நினைத்திருந்தேன்.
"காயவைத்து எண்ணெய் தடவி வைத்தேன்" என்றான்,
"கொடுக்க மறந்துவிட்டேன்."

அதன்பின் யாரும் அதிகம் பேசவில்லை.
ஆளுக்கொன்றாய் ஏற்றிக் கட்டினோம்.
ட்வைலாவின் முதுகில் வாணலி.
டெண்ட் கம்புகள் ரோசலிண்டின் வண்டியில்
மாட்டுக்கொம்பாய் நீட்டிக்கொண்டிருந்தன.
லைலுக்கு அடுப்பு, கேஸ் சிலிண்டர், வெங்காய மூட்டை.
எனக்கு நாற்காலிகள்.
பக்கக்காற்று வந்தபோது
என் வண்டியும் கயிற்றை இழுத்துப் பார்த்தது.

ஆரினை முன்னால் போகச் சொன்னோம்.

என் எதிரே திடீரென்று
மறைப்பே இல்லாத சாலை.
கோதுமை, தானியக் கிடங்கு, மறுபடி கோதுமை,
அதற்கு மேல் தேவைக்கதிகமான வானம்.
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
கண் அந்த வலது விளக்கைத் தேடியது.

எதிரே நான்கு வண்டிகள் வந்தன.
நான்கு கைகள் தாழ்ந்தன,
எங்கள் ஏழு பேரையும் கடக்கும்வரை
தாழ்ந்தே இருந்தன.

கடைசி மேட்டில் நாங்கள் முக்கி முனகி ஏறுகையில்
உச்சியில் காலூன்றி நின்றிருந்தான் ஆரின்,
ஹெல்மெட்டைக் கழற்றி,
காத்திருந்து பழகாதவனின் அவசரத்தோடு.
லைல் அருகில் வந்ததும்
தொண்டையைச் செருமிக்கொண்டான்:

"அடுப்பங்கரை வந்துவிட்டதா?"